அறுபது தவணை

இருபத்தாறு வருஷமாக நான்
மற்றவர்களுடைய அறுபது வயதைச்
சிறுகச் சிறுகச் சுமந்துபோய்ச்
செங்கோட்டை தபால் ஆபீசில் இறக்கி வைக்கிறேன்.

ஒரு ரெக்சின் பை. உள்ளே தவணை அட்டைகள்,
ரப்பர் வளையம், எழுத மறுக்கும் ஒரு பேனா,
சாரல் காலத்துக்கு ஒரு பாலிதீன் உறை.
நான் நனைவேன். அட்டை நனையாது.

தையல்கடை சைனம்பு மாதம் ஐநூறு.
பித்தான் டப்பாவைக் கவிழ்த்துச் சில்லறை தருவாள்,
ஒன்றிரண்டு பித்தானும் சேர்ந்தே வரும்.
பஞ்சர் ஒட்டும் செல்லக்கனி முந்நூறு.
ஆடி மாதம் என்னைக் கண்டால்
டயருக்குள் தலையை விட்டுக்கொள்வான்.
புளியரை வளைவில் லாரிக்காரர்களுக்கு டீ ஆற்றும் ஓமனா
கையில் திணித்து, "சேச்சி எண்ணிக்கோ" என்பாள்.
அவள் எண்ணாததால்
நான் இரண்டு முறை எண்ணுவேன்.

தவறினால் நூற்றுக்கு ஒரு ரூபாய் தண்டம்.
பல தடவை என் கமிஷனிலிருந்தே கட்டியிருக்கிறேன்.
யாரிடமும் சொன்னதில்லை,
சொன்னால் வழக்கமாகிவிடும்.

என் வீட்டுக்காரர் குற்றாலிங்கத்துக்கு
வேறொரு ஓய்வுகாலத் திட்டம்.
புனலூருக்குக் காய்கறி ஏற்றிப் போகிற வண்டியைக்
கோட்டைவாசல் தாண்டியதும் ஓரங்கட்டுவார்.
கருப்பசாமிக்கு ஒரு கும்பிடு.
கேரளா லாட்டரியில் மூன்று சீட்டு.
மூன்று மணிக்குக் குலுக்கல்.
அதற்குப் பிறகு போன் எடுத்தாரென்றால்
"ஹலோ"விலேயே முடிவு தெரிந்துவிடும்.

போன மே மாதம் வடிவு டீச்சர் ரிட்டயர் ஆனாள்.
மாலை, சுவர்க்கடிகாரம்,
வீடுவரை காரில் கொண்டுவிட்டார்கள்.
மறுநாள் தவணைக்குப் போனேன்.
"உனக்கு எப்போ, உலகம்மா?"
"எனக்கு யாரு கடிகாரம் தரப் போறா" என்று சிரித்தேன்.
வீடு வந்து சேரும்வரை அந்தச் சிரிப்பு
கழுவ மறந்த சோப்புபோல
முகத்தில் காய்ந்து இழுத்தது.

அன்று ராத்திரி அட்டைகளைப் பாயில் பரப்பினேன்.
நூற்றிப்பதினாறு.
என் பெயரில் ஒன்றுகூட இல்லை.
அவராவது தினமும் தோற்கிறார்.
நான் விளையாடவே இல்லை.

ஆவணியில் விண்ணப்பம் போட்டேன்.
வயது ஐம்பத்தைந்து. மாதம் ஆயிரம். அறுபது தவணை.
முடிகிற மாதம் எனக்கும் அறுபது.
போதாது, தெரியும்.
அவருடைய ஒரு முழங்காலுக்கே
தென்காசி ஆஸ்பத்திரியில் அதற்குமேல் கேட்கிறார்கள்.
"இதாவது இருக்கட்டும்" என்று
எத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லிக்
கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.
அதையே எனக்கும் சொல்லிக்கொண்டேன். கை கொஞ்சம் நடுங்கியது.

"முடிஞ்சதும் என்னக்கா செய்யப் போறீங்க?"
கவுண்டர் பையன் சும்மா கேட்டான்.
பதில் பஸ் ஸ்டாண்டில்தான் வந்தது.

இந்த ஊரில் எல்லா வீட்டையும்
எனக்கு வாசல்வரை தெரியும்.
பையில்லாமல் போய்ச் சைனம்பு வீட்டுக்குள் உட்கார்ந்து
டீயை ஆறுவதற்குள் குடித்து முடிக்க வேண்டும்.
கொல்லம் ரயிலில் பகலில் ஏறி
ஜன்னலோரம் குகைகளை எண்ண வேண்டும்.
பணத்தைத் தவிர
வேறு எதையாவது எண்ண வேண்டும்.

நாமினி கட்டத்தில் அவர் பெயரை எழுதியிருந்தேன்.
சோறு போடும்போது சொன்னேன்:
"உமக்கு ஒரு பரிசு விழுந்திருக்கு.
என்ன, நான் செத்தாத்தான் தருவாங்க."
அவர் சிரிக்கவில்லை.
மோரை ஊற்றிக்கொண்டே இருந்தார், தட்டு நிறைந்தும்.

ஐப்பசி அடைமழை. மூன்றாம் தவணை.
ஊரெல்லாம் வசூலித்து வந்து பார்த்தால்
என் ஆயிரத்தில் இருநூறு குறைகிறது.
வண்டியை நிறுத்திவிட்டு வந்தவர்
சட்டைப்பையிலிருந்து
நனைந்து ஒட்டிய இரண்டு நூறை
என் அட்டைமேல் வைத்தார்.

"இன்னைக்குச் சீட்டு எடுக்கலையா?"

"எடுத்தேன்."

"எத்தனை?"

"ஒண்ணுதான். நேத்தும் ஒண்ணுதான்."

நோட்டுகளைப் பிரித்து
அடுப்போரம் காயவைத்தேன்.
பிறகு கேட்டேன்,
"நம்பர் என்ன, சொல்லும்."